நேரக்குறியும் நேர்மையும்

காலத்தின் அருமையை உணர்த்த வந்த வள்ளுவர் 'காலமறிதல்' என்று தனி அதிகாரமே வகுத்தார். காலமறிதல் வேந்தர்க்கு மட்டும் உரியதன்று. உழவர்க்கும் வணிகர்க்கும் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் வேண்டுவதே. ஆயின், காலத்தை அறிவதற்கு நாம் கைக்கொள்ளும் கருவியே பிழைபட்டிருந்தால் என் செய்வது? அது காட்டிய நேரத்தைக் கொண்டு ஒருவர்மீது பழி சுமத்திய பின்னர், கருவியே பழிக்குரியது எனத் தெரியவந்தால், அப்பழியைத் துடைப்பது எங்ஙனம்? இவ்வினாக்கள் எம்மை ஓர் இரவு முழுதும் உறங்கவொட்டாமற் செய்தன. யாப்பும் அணியும் பயிற்றும் எமக்கும் கணினியின் கடிகாரத்துக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். ஈராண்டுகளுக்கு முன்பு வரை யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

ஒரு விடை, இரு மாணாக்கர்

எம் துறையின் அகமதிப்பீட்டுத் தேர்வு ஒன்று அவ்வாண்டு கணினிக்கூடத்தில் நடைபெற்றது. ஐந்து குறுவினாக்கள், ஒரு மணி நேரம். மாணாக்கர் தமிழில் தட்டெழுதி விடையளித்தனர். ஒவ்வொரு விடை முடிந்ததும் கணினி அதனைச் சேமித்து, சேமித்த நேரத்தையும் ஒரு வரியாகப் பதிந்துகொள்ளும். மணலில் நடந்தார்க்கு அடிச்சுவடு எஞ்சுவது போல, மென்பொருள் தான் செய்த ஒவ்வொரு செயலுக்கும் விட்டுச் செல்லும் இப்பதிவினைக் கணினித் துறையினர் 'சுவடு' என்றே குறிக்கின்றனர். ஏட்டுச்சுவடி பயின்ற எமக்கு அச்சொல் இனித்தது. அதன் ஒவ்வொரு வரியின் தலையிலும் நிற்பது நேரக்குறி.

விடைகளைத் திருத்துங்கால் மூன்றாம் வினாவில் யாம் திகைத்து நின்றோம். பழந்தமிழ் நூல்களின் பதிப்பு வரலாறு பற்றிய வினா அது. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும், மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார் என்பது தமிழ் பயில்வோர் அறிந்த செய்தி. ஆனால் ஒரு மாணவியும் ஒரு மாணவனும் சிலப்பதிகாரத்திற்கு 1894 என எழுதியிருந்தனர். சொற்றொடர்களும் ஏறத்தாழ ஒன்றே. சரியான விடை இருவரிடம் ஒத்திருப்பது இயல்பு. தவறும் ஒத்திருக்குமாயின் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினார் என்று ஐயுறுவதும் இயல்பே.

மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. அதில் யாமும் ஒருவர். தேர்வுப் பிரிவினர் சுவட்டிலிருந்து இரண்டு நேரங்களை எடுத்துத் தந்தனர். மாணவன் 19ஆம் எண் கணினியில் அவ்விடையைச் சேமித்த நேரம் 10:36:40. மாணவி 7ஆம் எண் கணினியில் சேமித்த நேரம் 10:41:10. நான்கரை நிமிட இடைவெளி. முந்தியவன் எழுதினான், பிந்தியவள் பார்த்தெழுதினாள். இதில் ஆராய என்ன இருக்கிறது? அம்மாணவன் வகுப்பில் முதன்மையாக நிற்பவன் என்பதும் எம் மனத்தின் ஓரத்தில் இருந்தது என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ளல் வேண்டும். மாணவியின் மதிப்பெண்ணை இரத்துச் செய்யலாம் எனக் குறிப்பெழுதிக் கையொப்பமிட்டோம். மறுநாள் காலை அது முதல்வரின் மேசைக்குச் செல்ல வேண்டும்.

மாலையில் அம்மாணவி துறைக்கு வந்தாள். தையற்கடை நடத்தும் அவள் தந்தையார் வாயிலுக்கு வெளியே தலை கவிழ்ந்து நின்றார். "ஐயா, நான் யாரையும் பார்த்து எழுதவில்லை, நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன்" என்றாள் அவள். பிடிபட்டவர் பேசும் எதிர்ப்பேச்சாகவே அச்சொற்கள் எம் செவியில் விழுந்தன. "போய் வா அம்மா, பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டோம். எனினும், தலை கவிழ்ந்து நின்ற அத்தந்தையின் உருவம் எம்முடன் வீடு வரை வந்தது. கையொப்பமிடுமுன் அச்சுவட்டின் இரண்டு வரிகளையன்றி வேறெதையும் யாம் படிக்கவில்லை என்பது நள்ளிரவில் நினைவுக்கு வந்தது. ஒரு பாடலின் ஈரடியை மட்டும் படித்துப் பொருள் கூறும் மாணாக்கரை யாம் எத்தனை முறை கடிந்திருப்போம்!

இயலாத வரி

மறுநாட் காலை முதல் வேலையாகக் குறிப்பை நிறுத்தி வைக்குமாறு வேண்டிக்கொண்டு, கணினி அறிவியல் துறையின் இளம் விரிவுரையாளர் ஒருவரை நாடினோம். அவர் முழுச் சுவட்டையும் தாளில் அச்சிட்டு எம்முன் விரித்தார். கூடத்திலுள்ள கணினிகளின் வரிகள் ஒருபுறம். வினாக்களை அனுப்பி விடைகளைப் பெற்ற சர்வர் என்னும் தலைமைக் கணினியின் வரிகள் மறுபுறம்.

தொடக்கத்திலேயே எமக்கு அதிர்ச்சி. 19ஆம் எண் கணினிக்கு வினாக்களை அனுப்பிய நேரம் 04:35:10 என்று தலைமைக் கணினி கூறிற்று. விடியற்காலை நாலரை மணிக்கு எவர் தேர்வெழுதினார்? விரிவுரையாளர் நகைத்தார். "சார், இது பிழையில்லை. அது உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. கூட்டிப் பாருங்கள்" என்றார். கூட்டினால் 10:05:10. வழக்கு வேறு, பிழை வேறு என்னும் முதற்பாடம் கிடைத்தது. எங்கும் மாறாமல் ஐந்தரை மணியாகவே நிற்கும் வேறுபாடு இரண்டு வழக்குகளுக்கு இடையேயுள்ள வேறுபாடு. அதனைத் திருத்தக் கிளம்பினால் நாமே பிழை செய்தவராவோம்.

அடுத்து அவர் விரல் ஒரு வரியில் நின்றது. 19ஆம் எண் கணினி அவ்வினாக்களைத் தான் பெற்றதாகப் பதிந்த நேரம் 9:59:32. அதாவது, அனுப்புவதற்கு ஐந்து நிமிடம் 38 நொடிக்கு முன்பே அது வினாக்களைப் பெற்றுவிட்டது! எழுதாத மடலை எவர் பெறுவார்? விதைக்காத வயலை எவர் அறுப்பார்? பெறுதல் அனுப்புதலுக்குப் பிற்பட்டதே என்னும் நியதியை எக்கடிகாரமும் மாற்றவியலாது. ஆகவே பொய்த்தது நியதியன்று, கடிகாரம். சுவடுகளை ஆராய்வோர் முதலில் தேட வேண்டியவை இத்தகைய 'இயலாத வரிகளே' என்றார் அவர். அனுப்பும் முன் பெறுதல், தொடங்கும் முன் முடிதல், பூச்சியத்திற்குக் கீழான கால அளவு ஆகியவை கண்ணிற்பட்டால், சுவடு தன் நோயைத் தானே வாய்விட்டுக் கூறுகிறது என்று கொள்ளலாம்.

பின்னர், பிழையின் அளவைக் காண்பது எவ்வாறு என்று காட்டினார். வினாக்கள் 10:05:10க்கு முன்னர் வந்திருக்கவியலாது. எனவே அக்கடிகாரம் குறைந்தது 5 நிமிடம் 38 நொடி பின்தங்கியிருந்தது. இது கீழெல்லை. தேர்வு முடிவில் அக்கணினி தன் இறுதி விடையை 11:00:02க்கு அனுப்பியதாகப் பதிந்துள்ளது. தலைமைக் கணினி அதனைப் பெற்றது 11:05:42க்கு. பெற்ற பின் அனுப்பியிருக்க முடியாதாகையால், பின்தங்கல் 5 நிமிடம் 40 நொடிக்கு மேற்பட்டிருக்கவும் இயலாது. இது மேலெல்லை. இரண்டு எல்லைகளுக்கும் நடுவே எஞ்சியது இரண்டே நொடி. நேர்மையான விடை ஒற்றை எண்ணாக இராது, இத்தகைய இடைவெளியாகவே இருக்கும் என்பது அவர் கூற்று. 1985இல் டேவிட் மில்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தளித்த நேர ஒத்திசைவு முறையும், செய்தி சென்ற நேரம், திரும்பிய நேரம் ஆகியவற்றை இவ்வாறு இருமருங்கும் ஒப்பிட்டே கணினிகளின் கடிகாரங்களைச் சரிசெய்கிறதாம்.

"இடையில் அக்கடிகாரம் எவரேனும் திருத்தத் தாவியிருந்தால்?" என வினவினோம். அவர் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசையெண் உண்டு. அவ்வெண் ஏறுமேயன்றி இறங்காது. வரிசையெண் ஏறிய இடத்திலெல்லாம் நேரமும் ஏறியிருந்தது. எங்கும் திடீர்த் தாவலோ பின்னடைவோ இல்லை. கணினியின் படிகக் கடிகாரம் பத்து இலட்சத்திற்கு 20 பங்கு பிழைபட்டாலும் ஒரு நாளில் விளையும் வேறுபாடு ஏறத்தாழ 1.7 நொடிதான், ஒரு மணி நேரத்தில் அது கணக்கில் வாராது. 7ஆம் எண் கணினியையும் அவ்வாறே சோதித்தோம். அதன் கடிகாரம் ஒரு நொடிக்குள் சரியாக நின்றது.

19ஆம் எண் கணினிக்கு நேர்ந்தது என்ன? உள்ளேயிருந்த நாணய வடிவப் பேட்டரி தீர்ந்து அதன் நேரம் அழிந்துபோக, கூடத்தின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஊழியர் ஒருவர் கையால் நேரம் வைத்திருந்தார். சுவர்க் கடிகாரமோ மெல்ல ஓடுவது! எம் இளமைக்காலத்தில் ஊர்ப் பள்ளிவாசலில் இருந்த பழைய கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடும். எம் தந்தையார் அதை நோக்கும்போதெல்லாம் ஏழைக் கழித்துக்கொள்வார். அளவு தெரிந்த பிழை ஆபத்தன்று என்பது அவர் அறிந்த உண்மை. யாம் கழிக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை, நம்பினோம்.

முந்தியது காரணமாகுமா?

இப்போது மாணவனின் விடைக்கு உண்மை நேரம் காண்பது எளிதாயிற்று. 10:36:40உடன் 5 நிமிடம் 39 நொடியைக் கூட்ட, 10:42:19. மாணவியின் நேரம் 10:41:10. அவளே ஏறத்தாழ 69 நொடி முந்தியவள். கூடினும் குறையினும் இரண்டு நொடிக்குள். "அப்படியானால் அவன்தான் பார்த்தெழுதினான்!" என்று எம்மையறியாமல் உரக்கக் கூறிவிட்டோம். ஒரு பழியிலிருந்து மீண்ட அதே வேகத்தில் மற்றொரு பழிக்குள் பாய்ந்தோம்.

விரிவுரையாளர் தலையசைத்து மறுத்தார். 1978இல் லெஸ்லி லாம்போர்ட் என்னும் கணினி அறிஞர் எழுதிய கட்டுரையொன்றை எடுத்துக்காட்டி விளக்கினார். தனித்தனிக் கணினிகளில் நிகழும் இரண்டு நிகழ்வுகளுள் எது முந்தியது என்று கடிகாரத்தின் துணையின்றியே எப்போது உறுதியாகக் கூறலாம்? அவை ஒரே கணினியில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்திருத்தல் வேண்டும்; அன்றி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி சென்றிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லையேல், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கூற அடிப்படையே இல்லை. முந்தியிருந்தாலும் காரணமாக வேண்டுவதில்லை. 7ஆம் எண்ணிலிருந்து 19ஆம் எண்ணுக்கு எச்செய்தியும் சென்றதாகச் சுவட்டில் இல்லை. கூடத்திற்குச் சென்று பார்த்தோம். இரண்டு கணினிகளும் எதிரெதிர்ச் சுவர்களை நோக்கியிருந்தன. இருக்கையில் அமர்ந்தோர் ஒருவர் திரையை மற்றவர் காண இயலாது.

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லையெனில், ஒரே தவறு இருவரிடமும் வந்தது எங்ஙனம்? பொதுவான மூலம் ஒன்று இருத்தல் வேண்டும். இரண்டு ஏடுகளில் ஒரே பிழை காணப்பட்டால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று மட்டும் கொள்ளலாகாது. இரண்டும் ஒரே தாயேட்டிலிருந்து படியெடுக்கப்பட்டவையாகவும் இருக்கலாம் என்று வகுப்பில் ஆண்டுதோறும் கூறுபவர் யாமே! அக்கணம் மாணவியின் சொற்கள் செவியில் மீண்டும் ஒலித்தன: "நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன்."

அவளது குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தோம். கடுமழை பெய்து வகுப்பில் சிலரே இருந்த ஒரு நாளில், யாம் வாய்மொழியாகச் சொல்லி எழுதச் செய்த குறிப்பு அதில் இருந்தது. 'சிலப்பதிகாரம் - 1894' என அவளது வடிவான கையெழுத்து காட்டிற்று. மாணவனின் குறிப்பேட்டிலும் அதுவே. அன்று வந்திருந்த ஏனையோர் பின்னர்ப் பாடநூலை நோக்கித் திருத்திக்கொண்டிருந்தனர். இவ்விருவர் மட்டும் ஆசிரியர் சொல்லை முழுதும் நம்பினர். புறநானூற்றின் ஆண்டைச் சிலப்பதிகாரத்தின்மேல் ஏற்றியது எம் நா. கணினியின் நேரக்குறிக்கு முன்பே பிழைபட்டிருந்தது எம் காலக்குறி!

கல்வெட்டு கற்பிக்கும் நெறி

பிழைபட்ட நேரத்தைக் கையாளும் நெறி நமக்குப் புதிதன்று என்பதைப் பின்னர் எண்ணிப் பார்த்தோம். நம் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டு, திங்கள், கிழமை, திதி, நட்சத்திரம் எனப் பல காலக்குறிப்புகள் சேர்ந்து வரும். அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கணித்துப் பார்க்கப் பெருந்துணையாக அமைந்தது, 1922இல் வெளிவந்த எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்கக் கணிப்புத் தொகுதி. கிழமை பொருந்தாவிடில் ஆய்வாளர் கல்லைத் தூக்கியெறிவதில்லை. கிழமையை அழித்துவிட்டு வேறு பொறிப்பதுமில்லை. பொறித்தவாறே படித்து, பொருந்தாமையைக் குறித்து, எவ்வுறுப்பில் பிழை நேர்ந்திருக்கலாம் என ஆராய்கின்றனர். நபிமொழித் தொகுப்பாளர்களும், அறிவிப்பாளர் ஒருவர் தம் ஆசிரியராகக் கூறுபவரை உண்மையில் சந்தித்திருக்க இயலுமா என்பதை இருவரின் பிறப்பு, இறப்பு ஆண்டுகளைக் கொண்டு சோதித்தனர் என்பதை நம் சமுதாயப் பெரியோர் அறிவர். மடல் எழுதப்படுமுன் பெறப்பட்டதா என்னும் சோதனையும் அவ்வகைப்பட்டதே.

எனவே மென்பொருட் சுவடுகளைப் படிக்க நேரும் எவரும் நான்கு நெறிகளைக் கைக்கொள்ளுதல் நலம். முதலாவது, மூலத்தை அழித்துத் திருத்தலாகாது. பாடபேதம் குறிப்பது போலத் திருத்திய நேரத்தை அருகில் எழுதுக. இரண்டாவது, நேரத்தைக் காட்டிலும் வரிசையையும், செய்தி சென்று சேர்ந்த முறையையும் மிகுதியாக நம்புக. மூன்றாவது, பிழையின் அளவை இருமருங்கிலிருந்தும் நெருக்கி, எல்லைகளோடு கூறுக. நான்காவது, எல்லைகளுக்குள் இரு நிகழ்வுகளும் அடங்கிவிடின் 'முன்பின் துணியவியலாது' என எழுத நாணாதிருக்க.

நொடியின் விலை

ஐந்து நிமிடப் பிழை ஒரு மாணவியை வருத்திற்று. நொடியில் மூன்றிலொரு பங்குப் பிழை உயிர்களைக் குடித்ததும் உண்டு. 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நிறுத்தப்பட்டிருந்த அமெரிக்கப் பேட்ரியாட் எதிர்ப்பு ஏவுகணை அமைப்பு தன்னை நோக்கி வந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. படைவீரர் 28 பேர் மாண்டனர். அதன் கணினி காலத்தைப் பத்திலொரு நொடியாக எண்ணியது. பத்திலொன்று என்னும் எண்ணை இரும எண்முறையில் முழுமையாக எழுதவியலாது. 24 இலக்கங்களோடு வெட்டப்பட்டதால் ஒவ்வோர் எண்ணிக்கையிலும் ஒரு துளி குறைந்தது. ஏறத்தாழ 100 மணி நேரம் தொடர்ந்து இயங்கியதில் அத்துளிகள் 0.34 நொடியாகப் பெருகின. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். ஆகவே அமைப்பு வானில் வேறோரிடத்தில் தேடியது. திருத்திய மென்பொருள் தஹ்ரானை அடைந்தது மறுநாள்.

உயிர்ச்சேதமில்லாத மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 2016ஆம் ஆண்டின் முடிவில், புவியின் சுழற்சியோடு ஒத்துப்போகும் பொருட்டு உலகக் கடிகாரத்தில் ஒரு நொடி கூட்டப்பட்டது. அக்கணத்தில், கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் மென்பொருளொன்று இரு நேரங்களைக் கழித்துப் பார்க்க, விடை பூச்சியத்திற்குக் கீழே வந்தது. காலம் பின்னோக்கி ஓடாது என்று நம்பி எழுதப்பட்ட அம்மென்பொருள் நிலைகுலைந்து, இணைய முகவரி தேடும் பணியில் ஒரு பகுதி தடைபட்டது. காலம் பின்னோக்கி ஓடாது என்பது மெய்யே. ஆனால் கடிகாரம் ஓடும். இவ்வாறு நொடி கூட்டும் வழக்கத்தை 2035ஆம் ஆண்டுக்குள் கைவிடுவதென 2022இல் உலக நாடுகளின் அளவைப் பேரவை முடிவு செய்துள்ளது.

திருத்திய குறிப்பு

எம் பழைய குறிப்பை யாம் கிழித்தெறியவில்லை. அதன் கீழேயே, 19ஆம் எண் கணினியின் கடிகாரப் பிழையையும், எம் வகுப்புக் குறிப்பின் பிழையையும் எழுதி, இருவர்மீதும் குற்றமில்லை எனக் கையொப்பமிட்டோம். மூலத்தை அழிக்கலாகாது என்னும் நெறி எமக்கும் பொருந்துமன்றோ? கூடத்திலுள்ள கணினிகள் அனைத்தும் தலைமைக் கணினியின் நேரத்தைத் தாமே பெற்றுக்கொள்ளுமாறு அவ்வாரமே அமைக்கப்பெற்றன.

அடுத்த வகுப்பில் கரும்பலகையில் 1892 என்று பெரிதாக எழுதி, நடந்ததனைத்தையும் மாணாக்கர்முன் கூறினோம். அம்மாணவியை எழச் செய்து, "உன் சொல்லைக் கேட்காதது எம் குற்றம் அம்மா" என்றோம். அவள் தலை நிமிராமல், "பரவாயில்லை ஐயா" என்றாள். மாலையில் அவள் தந்தையாரின் கடைக்கும் சென்றோம். தைத்துக்கொண்டிருந்த துணியை ஒதுக்கி வைத்து எழுந்து, எம் கையைப் பற்றிக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

அன்பார்ந்த மாணாக்கரே, பொறிகள் எழுதிவைக்கும் சுவடுகளைக் கொண்டு மனிதரை அளக்கும் பணி நாளை உங்கள் கைக்கு வரும். வருகைப் பதிவாகலாம், வங்கிக் கணக்காகலாம், மருத்துவமனைப் பதிவாகலாம். எண்கள் துல்லியமாகத் தோன்றும். நொடி வரை காட்டும். நொடி வரை காட்டுவது வேறு, நொடி வரை சரியாக இருப்பது வேறு என்பதை மறவாதீர். பேராசிரியப் பெருமக்களே, குற்றஞ்சாட்டப்பட்டவர் கூறும் சொல்லும் ஒரு சான்றே. கடிகாரத்தின் சொல்லுக்கு முன்னர் அதனைச் செவிமடுப்போமாக.